மீனுக்குப் பேன் பார்த்த காலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பெரிய அமளி. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேன் கொண்டுவந்துவிட்டாள். சேலத்தில் வசதியான ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வீடு, வகுப்புக்கு வகுப்பு ஏசி போட்ட பள்ளிக்கூடம், பேன் மட்டும் நம் காலத்துப் பேன்தான். மனைவி பால்கனியில் வெள்ளைத் துண்டை விரித்து, பெண்ணைக் குனிய வைத்துப் பேன் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வோமே என்று, மீனுக்குக்கூடப் பேன் வரும் பாப்பா என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, மீனுக்கு ஏதுப்பா முடி என்று கேட்டாள். நேரம் காலம் தெரியாமல் ஜோக்கடிக்கிறார் பார் உங்கப்பா என்றாள் மனைவி.

சத்தியமாக ஜோக் இல்லை. மீனுக்குப் பேன் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். கல்யாணத்துக்கு முந்தைய கதை என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரன். சேலத்தில் விலங்கியல் படித்தேன். மூன்று வருஷத்தில் நான் நெருங்கிப் பழகிய விலங்குகள் தவளையும் கரப்பான்பூச்சியும். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பில்தான். ஆனால் வேலை கிடைத்தது நாமக்கல்லில், ஒரு கோழி மருந்துக் கடையில். பைக்கின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் வெடுக் வெடுக்கென்று பேசிப் பழகிய வாய்க்கு, சொல்லுக்குச் சொல் ‘ங்க’ போட ஆறு மாதம் ஆயிற்று. பழகியபிறகு நிறுத்தத் தெரியவில்லை. வழியில் நின்ற கோழியைக் கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லிப் பண்ணையாட்களிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் எப்போதும் சத்து மாத்திரை வாசம் அடிக்கும். பண்ணைக்குள் போனால் எரு நெடி, வெளியே வந்தால் மாத்திரை வாசம். சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் இரண்டும் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் தானாகக் காலியாகும். இந்த எரு நெடியை நான் வெறும் சங்கடமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்கு அது உயிர்ப் பிரச்சினை என்று சாந்தாமணி அக்காவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில் அவர்கள் தோட்டம். அக்காவின் கணவர் லாரியோடு வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது கணவரின் அண்ணன். நான் அவரைப் பெரியண்ணன் என்பேன், அக்கா மாமா என்பார். முட்டைக்கோழிக்கென்று மூன்று செட்டு, நீளநீளமான கொட்டகைகள், போட்டிருந்தார். அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் செட்டுகளில் முட்டை பொறுக்கியவர். பதினைந்து வருஷம் பொறுக்கியதில் மூச்சிரைப்பு வந்துவிட்டது. இனிமேல் எரு தூசிக்குள் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியண்ணன் அதை நம்பவில்லை. வேலைக்குச் சடைத்துக்கொண்டு மூச்சைச் சாக்காகச் சொல்கிறாள் என்பது அவர் கட்சி. கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலோடு தானே தீவனம் அள்ளிக் கொட்டுகிற ஆள். தன்னால் முடிவது எல்லோராலும் முடியும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

செட்டுக்குப் போகாமல் அதே தோட்டத்தில் பிழைக்க அக்கா கண்டுபிடித்த வழிதான் மீன். மழைத்தண்ணீருக்கென்று வெட்டிய குட்டை ஒன்று சும்மா கிடந்தது. போர் தண்ணீரை விட்டு நிரப்பி, கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டார். பெரியண்ணனுக்கோ அந்த இடத்தில் நாலாவது செட்டு போட ஆசை. வீட்டில் பேச்சு முற்றிய ஒருநாள், எல்லோர் முன்னாலும் அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஒரு தடவை மீன் ஒழுங்காக வந்தால் குட்டை இருக்கட்டும், வராவிட்டால் தானே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் புதுச் செட்டிலும் முட்டை பொறுக்குவதாக. வீம்புக்குச் சொன்ன வார்த்தை. ஆனால் அந்த வீட்டில் வார்த்தையைத் திரும்ப வாங்கும் வழக்கம் கிடையாது.

மீன் ஒரு முழம் நெருங்கும் சமயத்தில்தான் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"தம்பி, மீனு பித்துப் புடிச்ச மாதர குதிக்குதுங்க. கரையில வந்து ஒடம்பத் தேய்க்குதுங்க. செத்த வந்து பாருங்க சாமி."

எனக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? முதலாளியிடம் சொன்னேன். நீதான் ஜுவாலஜி படிச்சவனாச்சே, போய்ப் பாரு என்றார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் நான் மீன் டாக்டர் ஆனேன்.

வலைபோட்டு நாலு மீனை எடுத்தோம். செதிலில் அங்கங்கே ரத்தப் புள்ளி. துடுப்பின் அடியில் பார்த்தால் பச்சைப்பயறு அளவில் தட்டையாக, கண்ணாடி மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் சரசரவென்று அந்தப் பக்கம் ஓடியது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. அக்கா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இதுக்குக் கண்ணுகூட இருக்குதுங்க தம்பி என்று காட்டினார். இரண்டு கறுப்புப் புள்ளி, கண்ணேதான். பழைய பாடப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். மீன் பேன் என்று படமே போட்டிருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான் புரட்டிவிட்ட பக்கம்.

அதன்பிறகு ஒரு வாரம் நான் செய்ததையெல்லாம் சரியாகவே செய்தேன் என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சரியாகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அதைத் தவிர ஒன்றுமில்லை. பேன் நீந்திப் போய்க் கட்டை, கல் என்று கெட்டியான இடத்தில் முட்டையிடும். ஆகவே மூங்கில் தட்டிகளைத் தண்ணீரில் நட்டுவைத்து, இரண்டு நாளைக்கொருமுறை எடுத்து வெயிலில் காயப்போட்டோம். வரிவரியாக முட்டை ஒட்டியிருந்தது. குட்டையின் நீள அகலத்தைக் கயிறு பிடித்து அளந்தேன். ஆழத்தை ஒரே இடத்தில் பார்க்காமல், இடுப்புத் தண்ணீரில் இறங்கி எட்டு இடத்தில் கோல் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு மருந்து என்று முதலாளி போனில் கணக்குப் போட்டுச் சொன்னார். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதை மட்டும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, மருந்து என்றால் விடிகாலைதானே?

நாமக்கல் பக்கம் கோழிக்கு எந்த மருந்தானாலும் விடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காத கோழி அந்த நேரம் தாகத்தோடு குடிக்கும், மருந்து வீணாகாது. வெயில் ஏறிவிட்டால் கோழிக்கே இளைப்பு வந்துவிடும். பண்ணைக்காரரும் மருந்துக்காரரும் ஆளாளுக்குச் சொல்லித்தந்து, விடிகாலை மருந்து என்பது என் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அக்காவுக்கும் அப்படித்தான். அஞ்சு மணிக்கே வந்துருங்க தம்பி, சூடு ஏறறதுக்குள்ள ஊத்தீரலாம் என்றார். எங்கள் இருவருக்கும் வேறு நேரம் உண்டு என்றே தோன்றவில்லை.

ஐந்து மணிக்குப் போனேன். வானம் மூட்டமாக இருந்தது. குட்டைத் தண்ணீர் வழக்கத்தைவிடக் கறுப்பாகத் தெரிந்தது, இருட்டு அப்படிக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கெட்டில் மருந்தைக் கரைத்து, கரையைச் சுற்றி நடந்து தெளித்தோம். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். வெளுக்க ஆரம்பித்ததும் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பேன் விடுகிறது, அந்த எரிச்சலில் வருகிறது பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பெருமையை நினைத்தால் காது சுடுகிறது.

கொஞ்ச நேரத்தில் குட்டை முழுக்க வாயாக இருந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் மீன் வாய்கள், தண்ணீருக்கு மேலே திறந்து மூடி, திறந்து மூடி. சத்தம்கூடக் கேட்டது. மருந்து அதிகமாகிவிட்டதா, குறைவா, பேன் செவுளுக்குள் போய்விட்டதா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா போர் மோட்டார் இருக்கும் பக்கம் ஓடினார். தண்ணீரை மேலே இருந்து விழவிட்டால் மீன் பிழைக்கும் என்று யாரும் சொல்லித்தராமலே அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் கரண்ட் இல்லை. கரண்ட் பாதி நாள் இல்லாத காலம் அது. மோட்டார் ஓடும் கரண்ட் ஒன்பது மணிக்குத்தான் வரும். திரும்பி வந்தவர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிய ஓட்டத்தில் இரைப்பு எடுத்துவிட்டது. வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் மீனைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் காலி பக்கெட்டோடு நின்றேன்.

அப்போதுதான் பெரியண்ணன் செட்டிலிருந்து வந்தார். அவர் ஆசைப்பட்டது அவர் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது, ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும். அவர் என்னைத் திட்டவில்லை. என்ன மருந்து என்றுகூடக் கேட்கவில்லை. குட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் குட்டையைப் பார்த்தார். திரும்பி விறுவிறுவென்று நடந்தார். சற்று நேரத்தில் மூன்று செட்டிலும் விளக்கு அணைந்தது.

"ஒயர இங்க இழுத்துட்டு வாங்க" என்று செட்டுப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

செட்டு விளக்குக்கு ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைப் பிடுங்கி மோட்டாருக்குக் கொடுத்தார். குழாயை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கவட்டைக் கம்பில் கட்டினார். தண்ணீர் மேலிருந்து கொட்டிச் சிதறியது. மீன்கள் எல்லாம் அந்த இடத்தை நோக்கி நகர்ந்தன. வெயில் வந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மேலே ஒரு வாயும் இல்லை. செத்தது இரண்டு கூடை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் ஒரு வாரம், தினமும் விடிகாலையில் கரண்ட் இல்லாத நேரமெல்லாம் அந்த ஜெனரேட்டர் குட்டைக்குத்தான் ஓடியது. நான் தினமும் போய்ப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டு, முட்டை குறையுது, ஏதாச்சும் டானிக் இருக்குதுங்களா என்று கேட்டார். நான் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமினும் எழுதிக்கொடுத்து, தீவனத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள் என்று யோசனையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். விடிகாலை விளக்கு இல்லாவிட்டால் கோழி முட்டையைக் குறைத்துவிடும் என்பது பண்ணையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டாரா, எனக்குப் புரிகிறதா என்று பார்த்தாரா, அல்லது அக்கா காதில் விழட்டும் என்று கேட்டாரா? பாதி வழியில் பைக்கை நிறுத்திவிட்டு யோசித்தேன். அன்றைக்கும் விளங்கவில்லை.

பேன் விட்டுவிட்டது. அதிலும் குழப்பம்தான். மருந்தில் செத்ததா, மூங்கில் தட்டியோடு முட்டை போனதா, ஒரு வாரம் கொட்டிய புதுத் தண்ணீரில் போனதா, சொல்லத் தெரியாது. மீன் நன்றாக வந்தது. அக்கா ஜெயித்தார், குட்டை நிலைத்தது. எல்லோரிடமும் மீன் டாக்டர் காப்பாற்றிக் கொடுத்தார் என்று சொன்னார். ஒவ்வொரு முறை வலை போடும்போதும் எனக்கு ஒரு மீன் வரும், வாழையிலையில் சுற்றி. நானும் வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வெட்கம் ஒரு வருஷம் கழித்து வந்தது. மீன் வளர்ப்புப் பயிற்சி ஒன்றுக்கு முதலாளி என்னை அனுப்பினார். அங்கே ஓர் அதிகாரி சர்வ சாதாரணமாகச் சொன்னார், குளத்து நீரில் மூச்சுக்காற்று மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில், அப்போது எந்த மருந்தும் போடாதீர்கள், அதுவும் மூட்டமான நாளில் கூடவே கூடாது, வெயில் ஏறிய பிறகு போடுங்கள் என்று. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. திரும்பி வந்ததும் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்து அவர் மீன் குழம்பு வைத்திருந்தார். சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டேன். அந்த அடுத்த முறை வருவதற்குள் வேறு வேலை, சேலம், கல்யாணம், குழந்தை என்று வண்டி வேறு ரோட்டில் போய்விட்டது.

இந்தக் கதையைத்தான் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆசையாகக் கேட்டாள். பேனுக்குக் கண் இருந்த இடத்தில் கத்தினாள். மீன்கள் மேலே வந்த இடத்தில், அப்ப நீங்கதான் காப்பாத்துனீங்களாப்பா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், மீதியைப் பிறகு சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு புதுச்சத்திரம் போனேன்.

ரோடு அகலமாகியிருந்ததில் திருப்பத்தைத் தவறவிட்டுத் திரும்பி வந்தேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று, எரு நெடி. செட்டு மூன்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பையன்கள் எல்லாம் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்களாம். குட்டை இருந்த இடம் சமமாக இருந்தது. போர் வற்றிவிட்டது, தண்ணீர் இல்லாமல் குட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்காவே மூடிவிட்டார். அக்காவுக்குத் தலை நரைத்திருந்தது. பேச்சில் இரைப்பு இல்லை. பெரியண்ணனைக் கேட்டேன். அவரு தவறி, போன மாசிக்கு ரெண்டு வருசமாச்சுங்க என்றார்.

சேரில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும், ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் மறந்துவிட்டு உளறிக் கொட்டினேன். விடிகாலையில் மருந்து போட்டது என் தப்பு, மீன் மூச்சுத் திணறியது என்னால்தான், தெரிந்தும் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது சிரிப்பார் என்று. அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப செட்டுத் தண்ணியால இல்லீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அக்காதான் சொன்னார். மருந்து ஊற்றியதற்கு முந்தின நாள் சாயங்காலம் செட்டு கழுவிய எருத் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு குட்டைக்குள் போயிருக்கிறது. பெரியண்ணன் அதைப் பார்த்திருக்கிறார். ஒரு மண்வெட்டி மண்ணில் அடைத்திருக்கலாம். அடைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். இதை அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"மீனு வாயத் தொறந்து தொறந்து மூடறதப் பாத்தப்ப, உன்ற மொகந்தான் அம்மணி தெரிஞ்சுதுன்னாரு. செட்டுக்குள்ள நீ அப்புடித்தான நின்னிருப்பேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னாரு. நாந்தான் கொல்லப் பாத்தேன், என்னய மன்னிச்சுருன்னு கையப் புடிச்சுட்டாருங்க. நான் என்னென்னவோ சொல்லிப் பாத்தேன், அவரு மனசு ஆறலீங்க."

எருத் தண்ணீரால் காற்று குறைந்திருக்கும். அதற்குமேல் நான் மருந்தை ஊற்றியிருக்கிறேன். அல்லது எருத் தண்ணீர் இல்லாமலே என் மருந்து மட்டும் போதுமாக இருந்திருக்கும். எது எவ்வளவு என்று இனி எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது, சோதித்துப் பார்க்கத் தண்ணீரும் இல்லை. இதையெல்லாம் அக்காவிடம் விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. குட்டை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன்.

"நீங்க அப்பவே ஒரு வார்த்தை சொல்லீருந்தீங்கன்னா அவரு நிம்மதியாப் போயிருப்பாருங்க சாமி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

சொல்லியிருக்கலாம். எத்தனை வருஷம் இருந்தது எனக்கு, ஒரு மணி நேரப் பயணம். என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று நான் வாயை மூடியிருந்த நாளெல்லாம் இன்னொருத்தர் அந்தப் பழியைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கிளம்பும்போது பெரியண்ணன் படத்தின் முன்னால் போய் நின்றேன். மாலை போட்ட படம், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் மருந்து போட்டது நான்தாங்க பெரியண்ணா என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பின்னால் நின்றுகொண்டிருந்த அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைக் கேட்டிருக்க வேண்டிய மனிதர் அந்த வீட்டில் இல்லை.